ஹீற்றர் போட்ட பனை

என் தம்பி சிவபாலன் என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டது என்னைப் பார்ப்பதற்காக இல்லை. ஒரு மரத்தைப் பார்ப்பதற்காக. இதை அவன் முன்பே சொல்லியிருந்தால் நான் யாழ்ப்பாணப் பக்கம், பளையிலேயே இருந்திருப்பேன், விமானத்தில் கால் இரண்டும் பூசணிக்காய் போல வீங்கியிருக்காது.

ரொறொன்ரோ விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். "அக்கா, மெலிஞ்சு போனியள்" என்றான். காரில் ஏறி நான் சேலையை ஒதுக்கி இருக்கவும் இல்லை, கேட்டான்: "அக்கா, குருத்து வெளிறிக்கொண்டு வந்தால் தண்ணி கூடினதோ, குறைஞ்சதோ?"

இருபது வருசத்துக்குப் பிறகு காணும் தமக்கையிடம் கேட்கிற முதல் கேள்வியா இது? "எந்தக் குருத்து?" என்றேன். "வீட்டை வந்து பாருங்கோவன்" என்றான். பின் சீற்றில் என்னோடு இருந்த அவன் மனைவி கமலம் முழங்கால் இரண்டையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

எனக்குப் பளையில் தென்னங்காணி இருக்கிறது. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. தென்னைக்கு என்ன குறை என்று பார்த்துச் சொல்ல எழுத்துத் தேவையில்லை. இதை எழுதத்தான் தேவைப்படுகிறது. ஆகவே ஆறுதலாகத்தான் எழுதுகிறேன், வாசிக்கிறவர்களும் ஆறுதலாக வாசிக்கட்டும்.

ஸ்காபரோவில் அவனுடைய வீடு ஒடுக்கமானது, உயரமானது. உடுப்புத் தோய்க்கிற மெசின் நிலத்துக்குக் கீழே. குசினி நடுவில். படுக்கையும் குளியலறையும் மேலே. கமலம் அந்தப் படிகளில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்குவாள். ஒரு கால், பிறகு மற்றக் கால், பிறகு ஒரு பெருமூச்சு. உடுப்புக் கூடையை மேற்படியில் இருந்து உருட்டி விடுவாள், அது முதலில் போய்ச் சேரும், அவள் பின்னால் போவாள்.

பின்வளவில் நின்றது அந்த மரம். என்னைவிட ஒன்றரை மடங்கு உயரம். அடிமரம் முழுக்கக் கரடித் தோல் போர்த்தது போல நார். மேலே விசிறி விசிறியாக ஓலை. எங்கள் பனையின் தூரத்து உறவு, சீன தேசத்து மலையில் வளர்வது, கொஞ்சக் குளிர் தாங்குமாம். கொஞ்சக் குளிர் தாங்கும் மரத்தை இந்தக் கொலைக் குளிருக்குள் நட்டு வைத்துவிட்டு, பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன் போல நின்று சிரித்தான் என் தம்பி.

"இதுக்கோ என்னைக் கூப்பிட்டனீ?"

"அக்கா, இஞ்ச எத்தினை தமிழாக்கள் இருக்கினம். ஒருத்தர் வீட்டில எண்டாலும் நிலத்தில நட்ட பனை நிக்குதோ? எல்லாரும் சட்டிக்குள்ள கருவேப்பிலை வைச்சுப்போட்டுப் பெருமை அடிக்கினம்."

அவன் முகத்தைப் பார்க்க, திட்ட எடுத்த வாயை மூடிக்கொண்டேன். அது நான் செய்த முதல் பிழை.

ஞாயிற்றுக்கிழமை அவன் மகன் மயூரன் மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில் இருந்து கொத்துரொட்டிப் பொதிகளோடு வந்தான். கொத்துரொட்டி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கறியில் தேங்காய்ப்பால் இல்லை, வேறு ஏதோ வெள்ளையாக விட்டிருந்தார்கள். நான் அதைச் சொல்ல முதல் மயூரன் தொடங்கிவிட்டான்.

"மாமி, நீங்களே சொல்லுங்கோ. அம்மான்ர முழங்கால் ரெண்டும் முடிஞ்சுது, படி ஏறப்படாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். எங்கட வீட்டுக்குக் கிட்ட ஒரு அப்பாட்மென்ற் பாத்திருக்கிறன். லிப்ற் இருக்கு, கீழ கடை இருக்கு. அப்பா மாட்டன் எண்டு நிக்கிறார். ஏன் தெரியுமோ? பிகோஸ் ஒஃப் அ ட்ரீ!"

"உனக்கு மரத்தைப் பற்றி என்னடா தெரியும்?" என்றான் சிவபாலன். "குளிர்பெட்டிக்குள்ள வளர்ந்தனீ."

"முதல் வைச்ச ரெண்டும் செத்ததுதானே, அப்பா. நான்தானே இழுத்துக்கொண்டு போய்க் குப்பைக்குப் போட்டனான். முதுகு பிடிச்சது எனக்கு."

தம்பி மேசையில் அடித்தான். கொத்துரொட்டி ஒருமுறை எழும்பி இருந்தது. "சரி. அக்கா சாட்சி. இந்த மரம் இந்தப் பனியைத் தாண்டினால் வீடு விக்கிறேல்லை, நீ அதைப் பற்றி வாயே திறக்கப்படாது. செத்தால், நீ காட்டுற இடத்துக்கு நாங்கள் வாறம்."

"டீல்" என்றான் மகன். இரண்டு பேரும் சந்தையில் மாடு விற்று வாங்கியவர்கள் போலக் கை கொடுத்துக்கொண்டார்கள்.

என்னைச் சாட்சி வைக்க என்னிடம் கேட்டானா? இல்லை. கமலம் அப்போது தொட்டியடியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். அவளையும் ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீரை நிற்பாட்டிவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் திறந்து விட்டாள்.

எனக்குக் கோபம் வந்தாலும், சாட்சி என்று சொன்ன பிறகு விட முடியுமா? பளையாள் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்க ஒரு பனை செத்தது என்று நாளைக்கு ஊர் சொல்ல நான் விடுவேனா? அடுத்த நாளே சேலைக்கு மேல் தம்பியின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு பின்வளவுக்கு இறங்கினேன்.

மரத்தைப் போர்த்துவது ஒரு கலியாண வீட்டு வேலை. முதலில் ஓலைகளை எல்லாம் மேலே தூக்கி, கொண்டை முடிவது போல, துணிக் கயிற்றால் கட்டினோம். அடிமரத்தைச் சுற்றி, கிறிஸ்மஸுக்கு வீடுகளில் போடுகிற நத்தார் லைற் சுற்றினோம். புது மாதிரி லைற் கூடாது, அதில் வெளிச்சம் இருக்கும், சூடு இருக்காது. பழைய பல்ப்தான் கொதிக்கும். அதை யார் யார் வீட்டுக் கராஜிலோ தேடி எடுத்து வைத்திருந்தான். அடியில் வைக்கோல். சுற்றிவர நாலு பக்கமும் ரோஸ் நிறத்தில் ரெஜிபோம் என்கிற தடித்த நுரைப் பலகையால், மரத்தை முழுக்க மூடுகிற பெட்டி. மேலே சரிவான மூடி, அதற்கு மேல் பொலித்தீன். குளிர் குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் தானாக லைற்றைப் போடும் பிளக் ஒன்று. பெட்டிக்குள் எத்தனை சூடு என்று காட்டும் சின்னத் திரை ஒன்று குசினிச் சுவரில்.

"மூடிதான் முக்கியம், அக்கா" என்றான் ஏணியில் நின்றபடி. "குருத்துக்குள்ள சொட்டுத் தண்ணியும் போகப்படாது. போனால் உறையும், உறைஞ்சால் உள்ளுக்கு வெடிக்கும், பிறகு அழுகும்."

"எனக்கோடா குருத்தைப் பற்றிச் சொல்லித் தாறாய்?"

"இல்லை அக்கா, பொதுவாச் சொன்னனான்."

ஏணியை அடியில் பிடித்துக்கொண்டு நின்றவள் கமலம்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு இத்தாலிக்காரக் கிழவர் இருந்தார். அவரும் அன்று மரத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு அத்திமரம். அதன் ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தை மெல்ல மெல்லச் சரித்து, கிடங்குக்குள் படுக்க வைத்து, பலகை போட்டு மண்ணால் மூடினார். பிரேதம் தாட்டது மாதிரியே இருந்தது. முடித்துவிட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து என்னவோ சொன்னார். தம்பி எனக்குத் தமிழில் சொன்னான்: "பனிக்காலம் எண்டால் மரத்தையும் படுக்க வைக்க வேணுமாம். நிக்க வைச்சுப் போர்த்தினால் அதுக்கும் நித்திரை வராதாம், எனக்கும் வராதாம்."

"நீ என்ன சொன்னனீ?"

"பனை வளையாது எண்டு சொன்னனான்."

அதைச் சொல்லும்போது அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எனக்கும் கொஞ்சம் நிமிர்ந்தது, பொய் சொல்லக்கூடாது.

அதன் பிறகு வந்த குளிரை எப்படி எழுதுவது? எங்கள் ஊரில் மார்கழிப் பனி என்று தலைக்குத் துவாய் கட்டுவோம். அதை இனிக் குளிர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இங்கே கதவைத் திறந்தால் மூக்குக்குள் மயிர் ஈர்க்குப் போல விறைக்கிறது. வீட்டுக்குள் காற்று அப்பளம் போலக் காய்ந்து கிடக்கிறது, உதடு வெடித்து இரத்தம் வருகிறது. மின்சாரக் காசு கூடுகிறது என்று தம்பி வீட்டு ஹீற்றரைக் குறைத்து வைத்தான். மரத்தின் ஹீற்றரைக் குறைக்கவில்லை. கமலமும் நானும் குசினியில் ஆளுக்கு இரண்டு ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு இடியப்பத்துக்கு மாக் குழைத்தோம், சுவரில் இருந்த சின்னத் திரை, மரம் சுகமாக இருக்கிறது என்று எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

சொதி வைக்கலாம் என்று தேங்காய் கேட்டேன். தமிழ்க் கடையில் இருந்து வாங்கி வந்ததில் ஒன்று வழுக்கை, ஒன்று அழுகி ஊளை, மற்றதை உடைக்கத் தம்பி சுத்தியல் எடுத்தான். கடைசியில் கமலம் குளிர்பெட்டியில் இருந்து துருவிய தேங்காய்ப்பூவைக் கல்லுப் போல எடுத்து மேசையில் போட்டாள். தேங்காய் பனிக்குள் கிடக்கிறது, பனை சூட்டுக்குள் நிற்கிறது. இந்த நாட்டில் எல்லாம் இடம் மாறித்தான் இருக்கிறது.

தை பிறக்க முன் ஒரு காலை, கமலத்துக்கு முழங்கால் டொக்டரிடம் போகவேண்டி இருந்தது. பல மாதம் காத்திருந்து கிடைத்த தவணை. தம்பி காரில் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. நாங்கள் சப்பாத்தும் போட்டு வாசலில் நிற்கிறோம், அவன் குசினித் திரையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, பெட்டிக்குள்ள சூடு விழுந்திட்டுது!" என்று பின்பக்கம் ஓடினான். ஒரு பல்ப் போனால் முழுச் சரமும் போய்விடுமாம். எந்த பல்ப் என்று ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டுமாம்.

"இண்டைக்கு விட்டால் குருத்து விறைச்சிடும். நீங்கள் ரெண்டு பேரும் பஸ்ஸில போங்கோ. ரெண்டே பஸ். நேர."

போகும்போது போய்விட்டோம். திரும்பும்போது சினோ என்கிற வெண்பனி கொட்டத் தொடங்கியது. பாதி வழியில் ஒரு ஏற்றத்தில் பஸ் பின்பக்கமாக வழுக்கி நின்றது. சாரதி எழும்பி நின்று ஏதோ சொன்னான், எல்லோரும் முனகிக்கொண்டு இறங்கினார்கள். "இனி இந்த பஸ் போகாதாம் மச்சாள், அடுத்ததுக்கு நிக்கட்டாம்" என்றாள் கமலம். பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால், றோட்டு வழிக்கிற வாகனம் தள்ளிவிட்ட சினோ வரம்பு மாதிரி இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தது. கமலம் அதில் கால் வைத்தாள், கால் புதைந்தது, அப்படியே நின்றுவிட்டாள். முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. நான் பிடித்து இழுக்க என் கால் வழுக்குகிறது.

எங்களோடு இறங்கிய ஒரு தலைப்பாகைக்காரர் வந்து, தன் பெரிய சப்பாத்தால் அந்தக் குவியலில் மிதித்து மிதித்துப் படி வெட்டினார். பிறகு தோளைக் காட்டினார். கமலம் அதைப் பிடித்துக்கொண்டு கடந்தாள். "மகன் இல்லையோ எண்டு கேக்கிறார்" என்று கமலம் எனக்குச் சொன்னாள். அவருக்கு என்ன மறுமொழி சொன்னாள் என்று எனக்குச் சொல்லவில்லை.

அங்கே நின்றுகொண்டு தம்பிக்குப் போன் எடுத்தாள். அவன் சத்தம் எனக்கும் கேட்டது. "இன்னும் கொஞ்ச பல்ப்தான் கமலம், மாத்தின உடனை வாறன், உதில நில்லுங்கோ."

கமலம் போனைப் பைக்குள் வைத்தாள். உதடு நீலம். "மச்சாள்" என்றாள், "பிளாஸ்ரிக் கொம்பனியில நிண்டு நிண்டு தேஞ்ச முழங்கால் இது. உவர் மரத்தை எடுத்துப்போட்டு அந்தப் பெட்டிக்குள்ள என்னை விட்டு, சுத்திவர லைற்றும் போட்டால் மாறுமோ?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அடுத்த பஸ் வரும்வரை இரண்டு பேரும் பல்லுக் கிடுகிடுக்கச் சிரித்துக்கொண்டு நின்றோம். வீட்டுக்கு வந்தபோது தம்பி வாசலிலேயே நின்றான். "தப்பியிட்டுது!" என்றான். எங்களைத்தான் சொல்கிறான் என்று ஒரு கணம் நினைத்தேன்.

பொங்கலைக் கராஜுக்குள் பொங்கினோம். கதவைப் பாதி திறந்துவிட்டு, காஸ் அடுப்பில் பானை. பால் பொங்கும்போது வெளியே சினோ விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் வெடி கொளுத்தவில்லை, புகைக்கு அலறுகிற மணிதான் அலறியது. மயூரன் வீட்டார் வந்து சாப்பிட்டுப் போனார்கள். வாசலில் முறைப்படி நிறைகுடம் வைத்திருந்தோம். மாவிலைதான் இல்லை, ஏதோ ஒரு இலை.

எல்லாம் முடிந்த பிறகு கமலம் கேட்டாள்: "மச்சாள், நிறைகுடத்துத் தண்ணியை எங்க ஊத்துறது?"

சாமிக்கு வைத்த தண்ணியைக் கால்படுகிற இடத்தில் ஊற்றக்கூடாது. ஊரில் இது ஒரு கேள்வியே இல்லை, ஏதாவது ஒரு மரத்தடியில் ஊற்றிவிட்டுப் போவோம். இங்கே தொட்டிக்குள் ஊற்றினால் கக்கூஸ் தண்ணியோடு போகும். வெளியே எங்கும் சினோ, ஆட்கள் மிதித்துத் திரிகிறார்கள். யோசித்துப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "கால்படாத இடம் எண்டு இந்த வீட்டில இருக்கிறது அந்தப் பெட்டிதான்."

"அடியில ஊத்து" என்றேன். "வைக்கலுக்கு ஊத்து."

"ஓம் மச்சாள்."

குடத்தோடு பின்வளவுக்குப் போனாள். அன்றில் இருந்து வெள்ளிக்கு வெள்ளி, சாமி அறைக் கும்பத்துத் தண்ணியை மாற்றும்போது, பழைய தண்ணியைச் செம்பில் எடுத்துக்கொண்டு போவாள். தம்பி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், காலையில் அந்த நேரம் வீட்டில் இல்லை. குசினி யன்னலால் பார்த்தால் பெட்டியின் இந்தப் பக்கம் மட்டும்தான் தெரியும். நான் தேத்தண்ணி குடித்தபடி, பரவாயில்லை, வெளிநாட்டில் இத்தனை வருசம் இருந்தும் வளர்த்த வளர்ப்பு மாறவில்லை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். எனக்கு இப்போது அந்த மெச்சலை நினைக்கத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

பனி இளகியது. தெருவோரம் கறுத்த சினோவில் இருந்து தண்ணி ஓடத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டி திறப்பதாக முடிவு. தம்பி சவரம் செய்து, நல்ல சேட் போட்டிருந்தான். மயூரன் வந்து கை கட்டிக்கொண்டு நின்றான். கமலம், "எனக்கு அடுப்பில வேலை கிடக்கு" என்று உள்ளே நின்றுவிட்டாள்.

மூடியை எடுத்தார்கள், பலகைகளைக் கழற்றினார்கள், கயிற்றை அவிழ்த்தார்கள். ஓலைகள் மெல்ல விரிந்தன. பச்சை! கொஞ்சம் கசங்கியிருந்தது, ஓரம் கருகியிருந்தது, ஆனால் பச்சை. தம்பி கையைத் தட்டினான். "எங்க, சொல்லு பாப்பம் இப்ப! சொல்லடா!" என்று மகனைச் சுற்றிச் சுற்றி வந்தான். வேலிக்கு அங்கால் தன் அத்திமரத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்த இத்தாலிக்காரர் கூட மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

எனக்கு மணம் வந்துவிட்டது. தென்னை வைத்திருக்கிறவர்களுக்கு அந்த மணம் தெரியும். புளித்த மாவும் செத்த எலியும் சேர்ந்தது போல ஒன்று. "ஏணியைக் கொண்டு வா" என்றேன். என்னை ஏற வேண்டாம் என்று இரண்டு பேரும் பிடித்தார்கள், உதறிவிட்டு ஏறினேன். நடுக் குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்தேன். வெண்ணெய்க்குள் இருந்து மயிரை இழுத்தது போல, ஒரு சத்தமும் இல்லாமல், முழுசாக என் கையோடு வந்தது. அடி மண்ணிறம், களி, நாற்றம்.

தம்பி கைதட்டலை நிறுத்தினான். "திரும்பி வரும்தானே, அக்கா? மருந்து விட்டால் வரும்தானே?"

சண்டைக் காலத்தில் பளையில் குண்டுச் செல்லடித்துத் தலையறுந்த தென்னைகள் தூண் தூணாக நின்றதை நான் பார்த்தவள். ஒன்றாவது துளிர்த்ததில்லை. பனைக்கும் தென்னைக்கும் ஒரு தலைதான். ஏணியால் இறங்கி, அடியில் இருந்த வைக்கோலைக் கையில் எடுத்தேன். எடுத்தபடி நின்றேன். மொறுமொறு என்று காய்ந்திருந்தது. ஒரு துளி ஈரம் கண்ட வைக்கோல் இல்லை அது.

குசினிக்குள் போனேன். கமலம் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். வைக்கோலை அவள் முன்னால் போட்டேன்.

"எங்கயடி ஊத்தினனீ?"

கத்தியை வைத்தாள். கையைத் துடைத்தாள். "குருத்துக்குள்ளதான், மச்சாள்."

"அறியாமலோ?"

"அறியாமல் என்ன? என்ர ஐயாவும் தென்னை வைச்சிருந்தவர்தானே."

படி ஏற மாட்டாமல் நண்டு போல இறங்குகிறவள், வெள்ளிக்கு வெள்ளி ஏணியில் ஏறி, மூடியைத் தூக்கி, பச்சை மரத்தின் தலையில் தண்ணி வார்த்திருக்கிறாள்! என் கை தானாக ஓங்கிவிட்டது. ஒரு தென்னம்பிள்ளையை மாடு கடித்தாலே மாட்டுக்காரனோடு சண்டைக்குப் போகிறவள் நான்.

அவள் விலகவில்லை. "அடியுங்கோ. மகன் சொல்லி அவர் கேக்கேல்லை. டொக்டர் சொல்லிக் கேக்கேல்லை. நான் சொல்லி எந்தக் காலத்தில கேட்டவர்? மரம் சொன்னால் கேப்பன் எண்டு உங்களைச் சாட்சி வைச்செல்லோ சொன்னவர். அதுதான் மரத்தைக் கொண்டு சொல்லுவிச்சனான். பாவம் எனக்கு வரட்டும், மச்சாள். பாவத்தோட எண்டாலும் லிப்ற்றில போறன்."

ஓங்கிய கையைக் கீழே விட எனக்கு நேரம் எடுத்தது. திரும்பி வெளியே வந்தேன். தம்பி அந்த அழுகல் குருத்தை மடியில் வைத்துக்கொண்டு ஈர நிலத்தில் குந்தியிருந்தான்.

"மூடி சரியா இறுகேல்லைப் போல, அக்கா. தண்ணி எங்கையோ இறங்கியிருக்கு. என்ர பிழைதான்."

"ஓமடா. உன்ர பிழைதான்."

"மாமி, ஈஸி. அப்பா ஏற்கெனவே அப்செற்" என்றான் மயூரன்.

"நீ வாயை மூடு. கை குடுத்துப் பந்தயம் கட்டேக்க கொம்மாவை ஒரு சொல்லுக் கேட்டனியோ? பந்தயத்தில வெண்டவன் மாதிரி வந்து நிக்கிறாய்." தம்பியிடம் திரும்பினேன். "மூடியில ஒரு பிழையும் இல்லை. உன்ர பெண்சாதிதான் குருத்துக்குள்ள தண்ணி ஊத்தினவள். ஏன் எண்டு உள்ளுக்குப் போய் அவளைக் கேள். கேட்டுப்போட்டு, அவள் சொல்லி முடிக்குமட்டும் வாயைத் திறவாமல் நில். அது உன்னால ஏலுமெண்டால், பிறகு வந்து மரத்துக்கு அழு."

அவன் என்னை விளங்காதவன் போலப் பார்த்தான். பிறகு எழும்பி, குருத்தைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனான். நாங்கள் வெளியே நின்றோம். கமலத்தின் சத்தம் மட்டும் கேட்டது. உரத்த சத்தம் இல்லை, அரிசி களைகிற மாதிரி விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. மயூரன் முதலில் போனைப் பார்த்தான், பிறகு போனைப் பைக்குள் வைத்துவிட்டுச் சப்பாத்தைப் பார்த்தான். வேலிக்கு மேலால் இத்தாலிக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஏதோ சொன்னார். "படுக்க வைச்சிருக்கலாமாம்" என்றான் மயூரன். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. வளைகிற மரம் வைத்திருக்கிறவர் வளையாத மரக்காரனுக்குப் புத்தி சொல்லக்கூடாது.

அதன் பிறகு பல நாள் தம்பி கமலத்தோடு கதைக்கவில்லை. குருத்து இருந்த ஓட்டைக்குள் ஏதோ மருந்தை விட்டான், அது நுரைத்து நுரைத்து வழிந்தது. காலையும் மாலையும் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தான். பக்கத்து ஓலையும் கையோடு கழன்று வந்த அன்று ஏணியை மடித்துக் கராஜுக்குள் வைத்துவிட்டு, மகனுக்குப் போன் எடுத்தான். "எப்ப வந்து பாக்கலாம் எண்டு கேள்" என்றான். சொன்ன சொல்லை மீறவில்லை, அதற்காகவாவது அவன் என் தம்பி.

எனக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. ஒருநாள் கமலத்துக்கு முகத்துக்கு நேரே சொன்னேன், பச்சை மரத்தைக் கொன்றதை என்னால் மன்னிக்க முடியாது என்று.

"மன்னிக்க வேண்டாம் மச்சாள்" என்றாள். "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

நான் ஊருக்குத் திரும்ப முன் அந்த அப்பாட்மென்றைப் பார்க்க எல்லோரும் மார்க்கத்துக்குப் போனோம். எட்டாவது மாடி. லிப்ற்றுக்குள் கமலம் கம்பியைப் பிடிக்காமல் நடுவில் நின்றாள். வீடு சின்னது, வெளிச்சமானது, ஒரு படியும் இல்லை. தம்பி அறைகளைப் பார்க்கவில்லை. நேரே போய்ப் பல்கனிக் கதவைத் திறந்தான். இரண்டு கையையும் விரித்து அகலம் பார்த்தான். ஒரு விரலை நனைத்துக் காற்றுப் பார்த்தான். சூரியன் எந்தப் பக்கம் என்று கழுத்தை வளைத்துப் பார்த்தான்.

"தெற்குப் பக்கம், அக்கா" என்றான் மெதுவாக. "காத்தும் குறைவு. ஒரு பெரிய தொட்டி வைச்சால், பனிக்கு உள்ளுக்கு எடுக்கலாம். அந்த மூலையில..."

நான் மறுமொழி சொல்ல வாய் எடுத்தேன். அதற்கு முன் கமலம், வெறும் வீட்டில் யாரோ விட்டுப் போயிருந்த ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள். அவனைத் தாண்டி வெளியே போய், பல்கனியின் நடுவில் அதை வைத்து, சேலையைச் சரி செய்துகொண்டு இருந்தாள். கால் இரண்டையும் கம்பிவரைக்கும் நீட்டினாள். அதற்கு மேல் அங்கே ஒன்றுக்கும் இடமில்லை.

தம்பி உள்ளுக்கு வந்து கதவடியில் நின்றான். "கமலம், காத்துக் குளிருது. உள்ளுக்கு வாரும்."

அவள் திரும்பவில்லை.

"கதவைச் சாத்துங்கோ" என்றாள். "வீட்டுச் சூடு போகுது."

அவன் சாத்தினான்.